வெப்பமண்டலக் காடுகளின் நெடுங்காலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைக்காட்டில் இரவு நேரத்தில் தலைவிளக்கோடு நடந்தவர்கள் இவற்றைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். பட்டாணி அளவு உடல், அதைத் தூக்கிக்கொண்டு மயிரிழை போன்ற எட்டுக் கால்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் "ஏதோ சிலந்தி" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அவர்களை ஒரு நிமிடம் நிறுத்திவைக்கத்தான் இந்தப் பக்கம்.

நெடுங்காலி என்பது சிலந்திதானே?

இல்லை. இரண்டும் அராக்னிடா வகுப்பைச் சேர்ந்தவை. தேளும் உண்ணியும்கூட அதே வகுப்புதான். சிலந்திக்குத் தலைப்பகுதிக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒடுங்கிய இடை உண்டு. நெடுங்காலிக்கு அது கிடையாது; உடல் முழுவதும் ஒரே உருண்டையாகத் தெரியும். சிலந்திகளில் பலவற்றுக்கு எட்டுக் கண்கள். நெடுங்காலிக்கு இரண்டுதான், பெரும்பாலான இனங்களில் அவை முதுகின் முன்பக்கத்தில் ஒரு சிறு மேட்டின் மேல், ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி இருக்கும். இது நூல் நூற்காது, வலை பின்னாது. நஞ்சும் இல்லை. சிலந்தி தன் இரையைக் கரைத்து உறிஞ்சும். நெடுங்காலி துண்டு துண்டாகக் கடித்து மென்று தின்னும். செத்த பூச்சி, மண்புழு, நத்தை, பழம், காளான் என்று கிடைப்பதைச் சாப்பிடும்.

அது நடக்கும்போது இரண்டாவது கால் இணையைக் கவனியுங்கள். அந்த இரண்டும் நடக்க அதிகம் உதவுவதில்லை. பார்வையற்றவரின் கைத்தடிபோல முன்னும் பக்கவாட்டிலும் தட்டித் தட்டி வழியறியும். கண் இருந்தும் நெடுங்காலியின் உலகம் பெரும்பாலும் தொடுதலாலும் வாசனையாலும் ஆனது.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

தமிழில் இதற்கு நிலைபெற்ற பெயர் கிடையாது. ஐரோப்பாவில் அறுவடைக் காலத்தில் வயல்களில் மிகுதியாகத் தென்பட்டதால் ஆங்கிலத்தில் அறுவடைக்காரர் என்று பொருள்படும் பெயர் ஏற்பட்டது. அறிவியலில் இந்த வரிசைக்கு ஓப்பிலியோனீஸ் என்று பெயர். லத்தீனில் "ஓப்பிலியோ" என்றால் ஆட்டிடையர். நம் காட்டில் இது அறுவடையோடும் ஆட்டு மந்தையோடும் தொடர்பில்லாத உயிர். அதனால் இந்தப் பக்கத்தில் நெடுங்காலி என்று எழுதுகிறேன். கால் குட்டையான இனங்களும் ஏராளம் உண்டு. அவற்றையும் இந்தப் பெயரில்தான் அழைக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு மூலையில் தலைகீழாகத் தொங்குமே, அதுவா?

அது உண்மையான சிலந்தி. ஒழுங்கில்லாத வலையில் தொங்கும், தொட்டால் உடம்பை வேகமாகச் சுழற்றி ஆட்டும். வலை இருந்தால் அது நெடுங்காலி இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

உலகில் எத்தனை இனங்கள் இருக்கின்றன?

பெயரிடப்பட்டவை 6,500க்கும் மேல். அராக்னிடாவில் உண்ணிகளும் சிலந்திகளும் அடங்கிய பெருங்கூட்டங்களுக்கு அடுத்த இடம் இவற்றுக்குத்தான். இன்று வாழ்பவை நான்கு துணைவரிசைகள். லேனியடோரீஸ் என்பது அவற்றில் மிகப் பெரியது, 4,000 இனங்களுக்கு மேல்; முள்ளும் கவசமும் கொண்ட இவை பெரும்பாலும் வெப்பமண்டலக் காடுகளில் வாழ்பவை. யூப்னோய் என்பது மெல்லிய நெடுங்கால் கொண்டவை. குளிர்நாடுகளிலும் உண்டு, தெற்காசிய, தென்கிழக்காசியக் காடுகளிலும் நிறைய உண்டு. டிஸ்ப்னோய் பெரும்பாலும் வட அரைக்கோளத்தின் குளிர்ப்பகுதிகளில் வாழ்கிறது. நான்காவது சைஃபோப்தால்மி: சில மில்லிமீட்டரே நீளமுள்ள, உண்ணிபோலத் தோன்றும், இலைச்சருகுக்குள் வாழும் சிறுகூட்டம். எண்ணிக்கையில் சிறியது என்றாலும் நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காரணம் கீழே வரும்.

எந்தக் காட்டில் எந்தக் குடும்பம்?

அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலத்தில் கோனிலெப்டிடே, காஸ்மெடிடே ஆகிய இரண்டும் ஆட்சி செய்கின்றன. அமேசானில் ஸ்டிக்னிடே குடும்பமும் முக்கியமானது. ஆப்பிரிக்கக் காடுகளிலும் தெற்காசியாவிலும் அசாமிடே. பெயரே அசாமிலிருந்து வந்தது, 1884இல் டேனிஷ் அறிஞர் சோரென்சன் வைத்த அசாமியா என்ற பேரினப் பெயரின் வழியாக. தென்கிழக்காசியாவில் எபெடானிடே. இந்தியாவிலிருந்து இந்தோனேசியா வரை மரத்தண்டுகளிலும் பாறைகளிலும் கூட்டமாக நின்று, நெருங்கினால் எல்லாம் சேர்ந்து மேலும் கீழும் குதித்தாடுபவை காக்ரெல்லா வகையினர், யூப்னோய் துணைவரிசை. மடகாஸ்கர், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, சிலி ஆகிய தென்பகுதிகளில் டிரையேனோனிகிடே.

இந்தப் பட்டியலை வாசிக்கும்போது ஒன்று உறுத்த வேண்டும். எல்லாமே ஈரக் காடுதான். மரம், சருகு, மழை எல்லாம் ஏறத்தாழ ஒன்று. ஆனாலும் கண்டம் மாறினால் குடும்பமே மாறிவிடுகிறது.

அமேசானில்தான் மிக அதிக இனங்கள் இருக்குமா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நெடுங்காலிகளைப் பொறுத்தவரை முதலிடத்தில் வைக்கவேண்டியது பிரேசிலின் கிழக்குக் கரையோரம் நீளும் அட்லாண்டிக் காடு. கோனிலெப்டிடே குடும்பத்தின் பெரும் செல்வம் அங்கேதான் குவிந்திருக்கிறது. அங்கு வாழும் நெடுங்காலி இனங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உலகில் வேறெங்கும் கிடையாது. பறவைகளிலோ பாலூட்டிகளிலோ இந்த அளவு ஓரிடத்தன்மையைப் பார்க்க முடியாது.

காரணம் நிலத்தின் மடிப்பு. அமேசான் படுகையின் பெரும்பகுதி தாழ்ந்த சமவெளி. அட்லாண்டிக் காடு அப்படியில்லை. சாவ்பாவ்லோ, பரானா மாநிலங்களின் கடலோரத்தில் செர்ரா தோ மார் மலைத்தொடர் கடலிலிருந்து சுவர்போல எழுகிறது. கடற்காற்று மோதி மழையும் மூடுபனியும் ஆண்டு முழுவதும் அங்கேயே தங்குகின்றன. வடக்கே ரியோ டி ஜெனீரோவுக்கு அருகில் செர்ரா தோஸ் ஓர்காவோஸ். உள்நாட்டுப் பக்கம் செர்ரா டா மான்டிகேரா. இன்னும் வடக்கே பாயியாவின் கரையோரக் காடு. ஒவ்வொன்றிலும் அதனதன் நெடுங்காலிகள். இவ்விடங்களின் இனப்பட்டியல்களை அடுக்கிவைத்து ஒப்பிட்ட பிரேசில் ஆய்வாளர்கள், காட்டைத் தனித்தனி ஓரிட மண்டலங்களாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நமக்கு வெளியிலிருந்து ஒரே பச்சையாகத் தெரியும் காட்டுக்குள் நெடுங்காலிகள் கோடு கிழித்து வைத்திருக்கின்றன.

ஏன் மலைக்கு மலை மாறுகின்றன?

இவற்றால் போக முடியாது. அவ்வளவுதான், ஆனால் அந்த ஒரு வரிக்குள் எல்லாம் இருக்கிறது.

இறக்கை கிடையாது. சிலந்திக் குஞ்சு நூலை விட்டுக் காற்றில் மிதந்து கடலையே தாண்டிவிடும்; நெடுங்காலிக்கு நூலும் கிடையாது. நடந்துதான் போகவேண்டும். நடக்கும் வழியெல்லாம் ஈரம் வேண்டும். சிறிய உடலும் நீண்ட கால்களும் சேர்ந்து மேற்பரப்பை மிகுதியாக்குவதால் வறண்ட காற்றில் உடல்நீர் வேகமாகப் போய்விடும். பல இனங்கள் பகலில் விழுந்த மரத்துக்கடியிலும் பாறை இடுக்கிலும் ஒண்டிக்கொண்டு, ஈரம் ஏறிய இரவில்தான் வெளியே வருகின்றன. கோனியோசோமா கூட்டத்தைச் சேர்ந்த சில இனங்கள் சாவ்பாவ்லோ மாநிலக் குகைகளில் பகலைக் கழித்து, இரவில் வெளியே வந்து இரை தேடி, விடிவதற்குள் திரும்பிவிடுகின்றன.

இப்படிப்பட்ட உயிருக்கு இரண்டு மலைகளுக்கு இடையே கிடக்கும் வறண்ட பள்ளத்தாக்கு ஒரு கடல். அகன்ற ஆறு ஒரு கடல். காலநிலை வறண்ட யுகங்களில் காடு சுருங்கி மலைமுகடுகளில் மட்டும் தங்கியபோது, அங்கங்கே மாட்டிக்கொண்ட கூட்டங்கள் தனித்தனியே மாறின. மீண்டும் மழை வந்து காடு ஒன்றுசேர்ந்த பிறகும் அவை நகரவில்லை. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு குயின்ஸ்லாந்தில் ஆஸ்ட்ரோபர்செல்லியா என்ற சிறு சைஃபோப்தால்மி பேரினம் இதற்குத் துல்லியமான சாட்சி: இனங்கள் பல, ஒவ்வொன்றும் வாழும் பரப்போ மிகச் சிறியது, மழைக்காட்டுத் துண்டுகளுக்குள் அடங்கியது.

அப்படியானால் இவை கண்டங்களைக் கடந்தது எப்படி?

கடக்கவில்லை. கண்டங்கள் இவற்றைச் சுமந்துகொண்டு போயின.

ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த 40 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட புதைபடிவத்தில் இயோஃபலாங்கியம் என்ற நெடுங்காலி உள்ளது. அதன் மூச்சுக்குழல்கூடக் கல்லில் தெரிகிறது. இன்றைய நெடுங்காலியோடு வைத்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை. டைனோசர்கள் தோன்றும் முன்பே இந்த உடலமைப்பு தயார். எனவே கோண்டுவானா என்ற தென்பெருங்கண்டம் உடைந்தபோது ஒவ்வொரு துண்டின் மேலும் இவை உட்கார்ந்திருந்தன.

சைஃபோப்தால்மி பிடிக்கும் என்று சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் பெட்டாலிடே குடும்பம். அது இன்று வாழும் இடங்கள்: சிலி, தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. இந்தப் பெயர்களை உலகப் படத்தில் குறித்து, கண்டங்களைப் பின்னோக்கி நகர்த்திச் சேருங்கள். உடைந்த பானையின் ஓடுகள்போலப் பொருந்தும். குடும்பத்துக்குப் பெயர் தந்ததே இலங்கைதான். பெட்டாலஸ் என்ற பேரினம் இலங்கையில் மட்டுமே உண்டு. அதன் முதல் இனத்தை 1875இல் இங்கிலாந்தின் பாதிரியாரும் சிலந்தியியலாளருமான பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் விவரித்தார். 2009இல் பெயரிடப்பட்ட இன்னோர் இனம், 19ஆம் நூற்றாண்டில் பேராதனைப் பூங்காவின் தலைவராக இருந்த த்வெய்ட்சின் பெயரைத் தாங்குகிறது.

இந்தியாவின் வடகிழக்கில் கதை வேறு. அங்கிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட சைஃபோப்தால்மி பேரினத்துக்கு மேகாலயா என்றே பெயர். இனப்பெயர் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் அன்னன்டேலை நினைவுகூர்கிறது. அதன் குடும்பம் ஸ்டைலோசெல்லிடே, தாய்லாந்திலிருந்து நியூகினி வரை பரவியது. ஒரே துணைக்கண்டத்தின் ஒரு மூலையில் இருப்பதற்கு உறவினர் போர்னியோவில்; மற்றொரு மூலையில் இருப்பதற்கு உறவினர் மடகாஸ்கரிலும் நியூசிலாந்திலும். சருகுக்குள் கிடக்கும் சில மில்லிமீட்டர் உயிர் இவ்வளவு நீண்ட வரலாற்றைச் சொல்கிறது என்பதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

விலக்கும் உண்டு, மறைக்கக் கூடாது. ஸால்மாக்சிடே குடும்பம் அமெரிக்க வெப்பமண்டலத்தில் தோன்றி, கண்டங்கள் பிரிந்த பின்னரே பசிபிக் தீவுகளுக்கும் ஆஸ்திரலேசியாவுக்கும் போய்ச் சேர்ந்தது என்று 2012இல் மரபணு ஒப்பீடு காட்டியது. மிதக்கும் மரக்கட்டைகளில் பயணம் செய்திருக்கலாம் என்பதே பொருத்தமான விளக்கம்.

குஞ்சுகளைப் பராமரிக்குமா?

பல இனங்கள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். வெப்பமண்டல லேனியடோரீஸ் கூட்டத்தில்தான் அதிசயம். தாய் முட்டைகளின் மேல் வாரக்கணக்கில் நின்று காவல் காப்பது அங்கே பலமுறை தோன்றியிருக்கிறது. தந்தை காவல் காப்பது பூச்சி, சிலந்தி போன்ற கணுக்காலிகளில் மிக அரிது. அதுவும் இங்கே உண்டு. அட்லாண்டிக் காட்டின் ஓடைக்கரைகளில் இபோரங்காயா புஸ்டுலோசா என்ற இனத்தில், இலையின் அடிப்புறம் இடப்பட்ட முட்டைகளை ஆண்தான் காக்கும். பனாமா கால்வாய்க்காக ஆற்றை அணைகட்டித் தேக்கியபோது தீவாகிவிட்ட குன்று பாரோ கொலராடோ. அங்கே ஸைகோபாகிலஸ் இனத்தின் ஆண் மரத்தண்டில் மண்ணால் கிண்ணம்போலக் கூடு கட்டுகிறது. பெண்கள் தேடி வந்து முட்டையிட்டுச் செல்லும். எறும்புகளிடமிருந்தும் தன் இனத்தாரிடமிருந்தும் முட்டைகளைக் காப்பது அதன் பொறுப்பு.

இந்தப் பழக்கமும் பரவலோடு சேர்த்து எண்ணவேண்டியது. ஓடைக்கரை இலை வேண்டும், ஈரத்தண்டு வேண்டும் என்ற உயிர் ஓடை வற்றினால் எங்கே போகும்?

கையில் எடுத்தால் நாற்றம் வருகிறதே, ஆபத்தா?

மனிதருக்குத் தீங்கில்லை. உடலின் முன்புற ஓரங்களில் ஒரு ஜோடிச் சுரப்பிகள் உண்டு. தொந்தரவு செய்தால் பென்சோகுவினோன், பீனால் போன்ற சேர்மங்களைக் கசியவிடும். எறும்பும் தவளையும் விலகிப்போகும். சில இனங்களின் சுரப்பு விரல்களில் பழுப்புக் கறையாகத் தங்கும். 1955இல் உருகுவேயில் கிளெமென்டே எஸ்தாப்ளேயும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு கோனிலெப்டிடே இனத்தின் சுரப்பிலிருந்து கிருமிகளைக் கொல்லும் பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு கோனிலெப்டிடின் என்று பெயரிட்டார்கள். சுரப்புகளின் கலவை குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடுவதால் இன்று உறவுமுறையை ஆராயவும் பயன்படுகிறது.

கால் உதிர்ந்து கையோடு வந்தால் கலங்கவேண்டாம், எதிரியைத் திசைதிருப்பத் தானே கழற்றிவிடுவது அது. ஆனால் திரும்ப முளைக்காது. அதனால் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

முயல் தலையோடு ஒரு பூச்சியின் படம் சுற்றியதே, உண்மையா?

உண்மை. ஈக்வடாரின் அமேசான் பகுதியைச் சேர்ந்த மெட்டாகிரைனே பைகொலும்னாட்டா, 1959இல் விவரிக்கப்பட்ட இனம். முயல் காதுபோலத் தெரிவது முதுகின் இரு முட்டுகள். கண்போலத் தெரியும் மஞ்சள் புள்ளிகள் கண்கள் இல்லை.

இத்தனை இனங்களுக்கும் பெயர் வைத்தது யார்? அந்தக் கணக்கை நம்பலாமா?

மூன்றில் ஒரு பங்கை ஒரே மனிதர் விவரித்தார்: ஜெர்மனியின் கார்ல் ஃப்ரீட்ரிக் ரோவர். உலக நெடுங்காலிகளைத் தொகுத்து அவர் எழுதிய பெருநூல் 1923இல் வந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அவர் பெயரில் உள்ளன. உழைப்பை வணங்கலாம், முறை குறையுடையது. காலின் நுனிக் கணுக்கள் எத்தனை, முதுகில் முள் எத்தனை என்று எண்ணி, எண்ணிக்கை மாறினால் புதிய பேரினம் என்று பிரித்தார். ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் வெவ்வேறு பேரினத்தில் வைக்கப்பட்ட நிகழ்வுகளும் உண்டு. பிரேசிலில் மெல்லோ-லெய்தாவோ இதே வழியில் ஏராளமான இனங்களை விவரித்தார். பிற்காலத்தவர் ஆண் பிறப்புறுப்பின் அமைப்பையும் பிறகு மரபணுவையும் வைத்துச் சரிபார்த்து, பல பெயர்களை ஒன்றாக்கினார்கள். அதே ஆய்வுகள் ஒரே பெயருக்குள் மறைந்திருந்த புதிய இனங்களையும் வெளிக்கொணர்ந்தன. ஆகவே மொத்த எண்ணிக்கை இன்னும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது.

சரிபார்க்க மூலமாதிரி வேண்டும், அதாவது முதன்முதலில் பெயரிடப்பட்டபோது பார்க்கப்பட்ட அதே உடல். ரோவரின் சேகரம் ஃபிராங்க்ஃபர்ட்டின் சென்கன்பர்க் அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக இருக்கிறது. ரியோ டி ஜெனீரோவின் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு எரிந்தது. அங்கிருந்த அராக்னிடா சேகரமும் போயிற்று. அட்லாண்டிக் காட்டின் நெடுங்காலிகளை ஒரு நூற்றாண்டாகச் சேர்த்துவைத்த குப்பிகள் அவை. அந்தக் குப்பிகளில் சில, பிடிக்கப்பட்ட காடே இன்று இல்லாதவை. கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம்.

காட்டில் எப்படித் தேடுவது?

பொழுது சாய்ந்த பிறகு, மழை ஓய்ந்த இரவில், தலைவிளக்கோடு மெதுவாக. மரத்தண்டு, ஓடைக்கரைப் பாறை, இலையின் அடிப்புறம் ஆகிய மூன்றையும் பாருங்கள். பகலில் என்றால் விழுந்த மரத்தைப் புரட்டலாம். புரட்டியதைப் பழையபடி வைத்துவிட்டு வரவேண்டும், அதன் அடியில் இருப்பவற்றுக்கு அதுதான் வீடு. சருகுக்குள் வாழும் சிறியவை கண்ணில் படாது. ஆய்வாளர்கள் சருகைச் சலித்துத் துணிப்பையில் தொங்கவிடுவார்கள். சருகு காயக் காய உயிர்கள் ஈரம் தேடி இறங்கிக் கீழே உள்ள குப்பியில் விழும். பாதுகாக்கப்பட்ட காட்டில் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. படம் எடுத்தாலே போதும்: முதுகு, பக்கவாட்டு, கண்மேடு மூன்றும் தெளிவாகத் தெரிந்தால் குடும்பம் வரை சொல்லிவிடலாம்.

காடு துண்டுபட்டால் இவற்றுக்கு என்ன ஆகும்?

அட்லாண்டிக் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது பழைய பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதி வயல்களுக்கும் மேய்ச்சலுக்கும் நடுவே சிதறிய சிறு துண்டுகள். சாவ்பாவ்லோ நகருக்கு அருகிலுள்ள அத்தகைய துண்டுகளில் செய்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வு, காட்டின் அளவு, காட்டின் தரம் இரண்டுமே எந்த நெடுங்காலிகள் தங்கும் என்பதைத் தீர்மானிப்பதாகக் கண்டது. விளிம்பில் வெயிலும் காற்றும் புகுந்து ஈரம் குறையும்போது, முதலில் மறைபவை அந்த இடத்துக்கே உரிய இனங்கள். தோட்டத்திலும் நகரத்திலும்கூடப் பிழைக்கக்கூடிய மிஷோனிக்ஸ் போன்றவை நின்றுவிடும். அதனால் துண்டுக்காட்டில் விளக்கைப் பிடித்து நடந்தால் நெடுங்காலிகள் கண்ணில் படும். எண்ணிக்கை குறையாததுபோல இருக்கும். பெயரைப் பார்த்தால்தான் எல்லாத் துண்டிலும் ஒரே இனம் என்பது தெரியும்.

வேறிடத்தில் மரம் நட்டு ஈடுசெய்ய முடியாதா?

மரம் வளரும், நிழல் வரும். பறவை பறந்து வரும், விதையைச் சுமந்து வௌவால் வரும். நெடுங்காலி நடந்துதான் வரவேண்டும். அது வாழ்ந்த மலையில் காடு போய்விட்டால், நடந்து வருவதற்கு எங்கும் ஒன்றுகூட மிச்சமிருக்காது.